இடிக்கப்போகும் வீட்டுக்குப் புதுப் பெயின்ற்

சென்ற வருடம் ஒக்டோபரில், பாடசாலைகளின் இலையுதிர்கால விடுமுறைக்கு முந்திய வாரம் நடந்தது இது. இடம் டென்மார்க்கில், வைலேயிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு நகரம். பெயர் வேண்டாம். அதன் ஓரத்தில் நான்கு மாடிக் குடியிருப்புக் கட்டடங்கள் சில நிற்கின்றன. அவற்றில் இரண்டை இடிப்பதென்று முடிவாகியிருந்தது.

நான் கட்டடப் பொறியியல் படித்தவள். ஒரு கட்டடத்தை இடிப்பதற்கு முன் அதில் என்னென்ன நச்சுப் பொருட்கள் இருக்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், தரைவிரிப்புக்குக் கீழே அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். சிறு துண்டுகள் வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். சில வேளை ஆட்கள் குடியிருக்கும்போதே உள்ளே போக வேண்டிவரும். அன்று என்னோடு வந்தவர் ஒரு டேனிஷ்காரர், அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளர்.

மூன்றாம் மாடியில் மணியை அழுத்தினோம். கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் முகத்தையே பார்த்தார்.

“பிள்ளை தமிழோ?”

“ஓம் அன்ரி.”

“மாதாவே! வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. தமிழ்ப் பிள்ளை வரும் எண்டு ஆரும் சொல்லேல்லையே.”

வேலையிடத்தில் சப்பாத்தைக் கழற்றக்கூடாது என்பது எங்கள் பாதுகாப்பு விதி. கூட வந்தவர் சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டினார். நான் என்னையறியாமல் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

வீடு முழுவதும் புதுப் பெயின்ற் மணந்தது. சுவர்கள் பளிச்சென்று வெள்ளை. மேசையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ், பக்கத்தில் விருந்தினருக்கு எடுத்துவைத்த கோப்பைகள். இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு அடிபட்டு வேலையை விட்ட அவருடைய கணவர் கதிரையில் இருந்தபடி சுவரின் கீழ்ப்பாதியைப் பூசினாராம். மேல்பாதி அன்ரியுடையது. அன்று கணவர் வைத்தியரிடம் போயிருந்தார்.

“வீடு பாக்க வருவியள் எண்டு கடிதம் வந்தது. ஊத்தையாக் கிடந்தால் என்ன நினைப்பியள்? நல்லா வச்சிருந்தால் நல்லம் எண்டு எழுதுவியள்தானே?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “இடிக்கிறது எண்டு சொல்லிப்போட்டினம்தானே அன்ரி?” என்று கேட்டேன்.

“சொன்னவைதான். ஆனால் இடிக்கிற வீட்டை ஆரும் வந்து பாப்பினமோ? பாக்க வருகினம் எண்டால் இன்னும் யோசிக்கினம் எண்டுதானே?”

இதில் என்ன பிழை என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அந்தக் கடிதம் வந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உண்மையைச் சொன்னேன். நாங்கள் வந்தது வீட்டைக் காப்பாற்ற அல்ல, பாதுகாப்பாக உடைப்பதற்கு என்று. அன்ரி தேநீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மூன்று கோப்பையையும் நிரப்பி, சீனிப் போத்தலை எங்கள் பக்கம் நகர்த்திய பிறகுதான் கதிரையில் அமர்ந்தார்.

அவர் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். இங்கிருந்து சைக்கிளில் போகலாம். மாற்று வீடு தருவதாகச் சொன்ன இடம் நகரத்தின் மறுபக்கம். அவருடைய வேலை தொடங்கும் நேரத்துக்கு அங்கிருந்து பஸ் இல்லை.

“வேலையில்லாத ஆக்கள் இஞ்ச கூட எண்டுதானே இடிக்கினம்? அங்க போனால் நானும் வேலையில்லாத ஆள். இதென்ன கூத்து பிள்ளை?”

பிறகு திடீரென்று முகம் தெளிந்தது. “உங்களைப்போலப் படிச்ச பிள்ளையள் நாலைஞ்சு பேர் இஞ்ச குடிவந்தால் விட்டிடுவினமோ?”

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் விளங்கும். மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். வீடுகளைக் குறைக்கவேண்டிய குடியிருப்புகள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஓர் இடத்தை அதில் சேர்க்கும்போது வேலை, வருமானம், படிப்பு, குற்றங்கள் எல்லாம் பார்ப்பார்கள். நான் இங்கே வந்தால் வேலைக்கு நல்லது, வருமானத்துக்கு நல்லது, படிப்புக்கு நல்லது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. குடியிருப்பவர்களில் மேற்கத்தைய நாடுகளைச் சேராதவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர். நான் வைலே வைத்தியசாலையில் பிறந்தவள். கனவு காண்பதுகூட டேனிஷில்தான். ஆனாலும் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். நான் குடிவந்தால் அந்தத் தொகையில் ஒன்று கூடும்.

அதைச் சொன்னேன். அன்ரி சிரித்தே விட்டார்.

“உங்களையுமோ? இவ்வளவு படிச்சுமோ? அப்ப நீங்கள் வராதேங்கோ பிள்ளை, கெதியா இடிச்சுப்போடுவாங்கள்.”

நாங்கள் சிரித்த சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஓய்வூதியத்தில் வாழும் வயதான டேனிஷ்காரர். கேளாமலே ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று அன்ரி தன் டேனிஷில் விளக்கினார்.

“இந்தப் படிக்கட்டு வீடுகளில் மேற்கத்தையவன் நான் ஒருவன்தான். என்னால் முடிந்ததைச் செய்தேன், போதவில்லை” என்றார் அவர். அவரும் வெளியேற வேண்டியவர்தான். எங்கே போவதென்று அவருக்கு அப்போதும் தெரிந்திருக்கவில்லை.

குசினிச் சுவரில் மாதிரி எடுக்கவேண்டி இருந்தது. கூட வந்தவர் உளியைச் சுவரின் நடுவில் வைத்தார். நான் தடுத்தேன். அலுமாரியை நகர்த்திவிட்டு அதன் பின்னால் எடுப்போம் என்றேன்.

“இந்தச் சுவரே உடைபடப் போகிறதே” என்றார்.

“தெரியும்” என்றேன்.

அவர் உளியைக் கீழே வைத்தார். பிறகு அலுமாரியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

அரசாங்கத்தின்மேல் எனக்கு எளிதில் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது நாங்களும் இப்படியொரு குடியிருப்பில்தான் இருந்தோம். அங்கே இரவில் குப்பைத்தொட்டிகளை எரித்தார்கள். வகுப்பில் டேனிஷ் சரியாகப் பேசும் பிள்ளைகள் குறைவு. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அப்பாதான் எங்களை வெளியே கொண்டுவந்தார். நான் பொறியியலாளர் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பா எங்களுக்குச் செய்ததைத்தான் அரசாங்கம் இவர்களுக்குச் செய்கிறதா? அப்படியானால் அதைச் சரியென்று ஏன் என்னால் ஏற்க முடியவில்லை? அப்பா எங்கே போவதென்று தானே தெரிவு செய்தார், அன்ரியிடம் யாரும் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா? அலுமாரியைத் திரும்பத் தள்ளி வைக்கும்போதும் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

புறப்படும்போது அன்ரி மீதி ரோல்ஸைத் தாளில் சுற்றித் தந்தார். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ. கட்டடம் இன்னும் நிக்குமோ?”

“கன காலம் நிக்கும் அன்ரி. கொங்கிறீற் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப எங்களிலயோ பிழை?”

அதை அவர் அழுதுகொண்டு கேட்கவில்லை. கடையில் ஒரு பொருளின் விலையை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“இல்லை அன்ரி” என்றேன்.

அறிக்கையின் கடைசியில், கட்டடத்தின் உறுதி நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். அது நம்மிடம் கேட்கப்பட்ட விடயம் அல்ல என்று மேலாளர் நீக்கிவிட்டார். அவர் சொன்னதும் சரி. வசந்தகாலத்தில் மற்ற வீடுகளுக்காகத் திரும்பப் போனபோது அந்தப் படிக்கட்டு வீடுகளில் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அன்ரி பஸ் இருக்கிற மாலை வேலைக்கு மாறிவிட்டார் என்றும், கணவருக்கு இரவுச் சாப்பாட்டைச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறார் என்றும் பக்கத்துப் படிக்கட்டு வீடொன்றில் இருந்த ஒருவர் சொன்னார்.

ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வரும்வரை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாதவள் நான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் ‘இல்லை’ என்றேன். அதைச் சொன்னது கட்டடம் தெரிந்த நானா, அன்ரியோடு சேர்த்து எண்ணப்படுகிற நானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.