நான் சாகவிடாத படகோட்டி

அந்தத் தொலைக்காட்சித் தொடர் வெளிவந்த வாரம் ஆபீஸில் வேறு பேச்சே இல்லை. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆறு தடிப் புத்தகங்களில் நான் மூன்று முறை படித்த கதையை யாரோ வருடத்துக்கு எட்டு மணி நேரம் என்று வெட்டி அடைக்கிறார்கள் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். அதைவிட, எங்கள் வீட்டில் அந்தக் கதைக்கு ஒரு சிக்கல் இருந்தது. புத்தகத்தில் இருக்கும் கதை வேறு, அப்பாவுக்குத் தெரிந்த கதை வேறு.

புத்தகங்கள் தம்பியுடையவை. எங்கள் ஊரான கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன். அங்கே பழைய புத்தகக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி வருவான். தான் படித்து முடித்ததும் என்னிடம் தருவான், தரும்போதே யார் சாவார்கள் என்றும் சொல்லித் தொலைப்பான். அதற்காக நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடக்கவேண்டும். சனிக்கிழமை என் முறை. சும்மா உட்கார்ந்தால் அப்பா நர்ஸுகளை வம்புக்கு இழுப்பார். அதனால் அந்தக் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். மலாய் சரளமாகப் படிப்பார், ஆங்கிலம் ஓடாது. கதையில் வரும் ராஜா, சூனியக்காரி, பேசும் ஓநாய் எதையும் அவர் பெரிதாக மதிக்கவில்லை. மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே ராஜாவையும் எதிர்த்துப் பேசும் ஒரு கிழப் படகோட்டி வருவான். அவனைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இவன்தான்மா மனுசன். மத்தவன் எல்லாம் சும்மா உடுப்பு மாட்டிகிட்டு நிக்கிறான்" என்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கதை பாதியில் இருக்கும்போது எனக்குப் போன் வந்தது. இரவு வேலை முடிந்து வந்த தம்பியை நெடுஞ்சாலையில் ஒரு லாரி இடித்துவிட்டது. அப்பாவுக்கு ஊசி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "ஆபீஸ்ல கூப்பிடறாங்கப்பா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். தம்பியைச் சேர்த்திருந்த மருத்துவமனை இருபது நிமிடத் தூரம்தான். தம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் உயிரோடு இருந்தான். நினைவு இருந்தது, அப்பாவைக் கேட்டான். பாதியில் எழுப்பினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும், ஒரே நாளில் இரண்டு பேரையும் இழந்துவிடுவேன் என்று நானாக முடிவு செய்தேன். மதியம் அப்பாவிடம் போய், அடிபட்ட இடத்திலேயே உயிர் போய்விட்டது, வலி தெரிந்திருக்காது என்றேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். செவ்வாய்க்கிழமை அப்பா மறுபடி அந்த நாற்காலியில் இருந்தார். மகன் செத்தாலும் அந்த இயந்திரம் லீவு தராது.

அடுத்த சனிக்கிழமை, "அப்புறம் என்னாச்சு?" என்றார். அப்புறம் படகோட்டி சாகவேண்டும். வயிற்றில் அம்பு பாய்ந்து, ஆற்றங்கரையில் கிடந்து, விடியும்வரை மகளைக் கூப்பிட்டுக்கொண்டே சாவான். என்னால் முடியவில்லை. அவனைப் படகில் ஏற்றி வடக்கே அனுப்பிவிட்டேன். அப்பா அவனை விடவில்லை, வாராவாரம் விசாரித்தார். நானும் அவனுக்கு ஒரு டீக்கடை வைத்துக் கொடுத்தேன், பிறகு ஒரு முரட்டு மருமகனைக் கொடுத்தேன். புத்தகங்கள் ஆறும் முடிந்த பிறகும் ஐந்து வருடமாக அவன் கதை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது தொடர். புத்தகத்தில் அவன் மூன்றாவது பாகத்தில்தான் சாகிறான். முதல் வருடத் தொடரில் முதல் பாகம்தான் வரும், பயமில்லை என்று கணக்குப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவளுக்கு அந்தத் தைரியம் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து, சாப்பிட்டு, அப்பாவும் நானும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். கொரிய நாடகம் பார்க்கும்போது செய்வதுபோல, அப்பா தானே ரிமோட்டை எடுத்து, வசனம் திரையின் அடியில் மலாய் எழுத்தில் வரும்படி வைத்துக்கொண்டார்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்கு வயிற்றெரிச்சல். பனி சூழ்ந்த அந்த நாட்டைப் பார்த்தால் நம் ஊரில் புகைமூட்டத்துக்குப் பள்ளிக்கூடம் மூடிய நாள் மாதிரி இருந்தது. ராஜாவின் கோட்டை, புதிதாகக் கட்டிய ஹோட்டல். ஓநாய்க்கு விளம்பரத்தில் வருகிற நாயின் பளபளப்பு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போது திரையில் ஆறு வந்தது. கரையில் ஒரு கிழவன் கிடந்தான். வயிற்றில் அம்பு.

எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். பார்ப்பவர்களைப் பிடித்துப்போட அந்தச் சாவைத் தூக்கி முதலிலேயே வைத்துவிட்டார்கள். ஒன்று சொல்லவேண்டும், மற்றதையெல்லாம் கெடுத்தவர்கள் இதை மட்டும் கெடுக்கவில்லை. பின்னணி இசை கிடையாது. கிழவன் மண்ணைப் பிறாண்டினான். மகளைக் கூப்பிட்டான். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இது யாரு, படகுக்காரனா?" என்றார் அப்பா.

"கனவுப்பா. ராணி காண்ற கனவு."

அடுத்த காட்சியில் ராணி வந்து, அவன் சாக ஒரு முழு இரவு ஆனதென்று யாரிடமோ சொன்னாள். அப்பாவின் உதடுகள் அசைந்தன. கீழே ஓடிய மலாய் எழுத்தை அவர் படிப்பதைப் பார்த்தேன். ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"டீக்கடை வச்சான்னு நீதானே சொன்ன?"

"நான் மாத்திட்டேன்பா."

"ஏன்?"

"தம்பிய அடக்கம் பண்ணின வாரம்பா. என்னால சொல்ல முடியல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்பா கோபப்படவில்லை. நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடுத்து எதைக் கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னைக்கு ஆபீஸ் வேலைன்னு எந்திரிச்சுப் போன."

"ஆமாம்பா."

"தம்பி எவ்வளவு நேரம் இருந்தான்?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார். "ஒன்னே முக்கா மணி நேரம்" என்றேன்.

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான்பா."

"நீ என்ன சொன்ன?"

"அப்பா வந்துகிட்டே இருக்காங்கன்னு சொன்னேன். கதவையே பார்த்துகிட்டிருந்தான்."

அப்பா ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன தன் இடது கையைத் தடவிக்கொண்டார். அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் எனக்கே வெட்கமாக இருந்தது.

"நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழட்டியிருப்பாங்கம்மா" என்றார். பொந்தியான் ஊருக்கு எந்தப் பாதையில் போகவேண்டும் என்று சொல்கிற அதே குரல். "கால் மணி நேரம் போதும். போன மாசம்கூட அந்த மலாய்க்காரருக்கு, சம்சாரம் சாகக் கிடக்கறாங்கன்னு போன் வந்துச்சு. உடனே கழட்டி அனுப்பி வச்சாங்க."

உண்மைதான். அந்த மனிதர் பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்தபடி எங்கள் நாற்காலியைத் தாண்டி ஓடினார். அன்று சனிக்கிழமை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, படகோட்டியின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.