ஞானராஜ் சாரும் அவர் ஏற்றாமல் வைத்திருந்த கொம்பனும்

ஞானராஜ் சார் தவறிவிட்டார் என்ற செய்தி தனியாக வரவில்லை. கூடவே இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. போனில் விளையாடும் நம் கிளானின் குரூப்பில் வாடிப்பட்டி செல்வம் எழுதியிருந்தான்: "சார் காலைல தவறிட்டாராம். கொம்பன் அப்கிரேட் முடிஞ்சதா, யாருக்காச்சும் தெரியுமா?" இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகள் சாருக்கா கொம்பனுக்கா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுப்பை அணைத்தேன். வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்துதான் அழுதேன்.

எழுதுகிறவள் அவனியாபுரம் பாண்டியம்மாள். கிளானில் என் பெயர் அப்பத்தா. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், அதனால் பிழை இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள், பொறுக்க முடியாவிட்டாலும் படியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு என் மருத்துவச்சியைக் கொம்பன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். நிறுத்துவேனா மாட்டேனா என்று சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் யாரும் சொல்லவில்லையே.

இதைச் சார் வீட்டம்மா ரோஸ்மேரிக்கும் அனுப்பப் போகிறேன். அவர் விளையாடாதவர், ஆகவே அவருக்காக ஒரு வார்த்தை. போனுக்குள் ஆளுக்கொரு கோட்டை. கோட்டைக்குள் சண்டை போட ஹீரோக்கள், செத்தாலும் அடுத்த சண்டைக்கு எழுந்துவிடுவார்கள். கல் சேர்த்தால் ஒரு ஹீரோவை ஒரு படி மேலே ஏற்றலாம், அதற்குப் பெயர் அப்கிரேட். கூட்டாகச் சேர்ந்தவர்களுக்குப் பெயர் கிளான். கிளானுக்கென்று பொதுவாக ஒரு ஹீரோ உண்டு. அவனை எல்லோரும் கல் போட்டு வளர்க்க வேண்டும், ஆனால் தலைவர் கையில்தான் இருப்பான். தலைவர் மாறினால் அவனும் கை மாறுவான். நம் பொது ஹீரோவுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. தலையில் பெரிய கொம்பு இருந்ததால் நாம் கொம்பன் என்று கூப்பிட்டோம். அந்தத் தலைவர்தான் உங்கள் வீட்டுக்காரர், ரோஸ்மேரி அம்மா.

என் மகள் வாங்கிக் கொடுத்த போனில் இந்த விளையாட்டு விளம்பரமாக வந்தது. தொட்டேன், கோட்டை கிடைத்தது. கேட்பார் இல்லாமல் ஒரு மூலையில் கிடந்த என்னைச் சார்தான் கிளானுக்குள் சேர்த்தார். "வாங்க அப்பத்தா" என்று பேசி அனுப்பியிருந்தார். குரலைக் கேட்டதும் எனக்கு எரிச்சல். "உங்களுக்கும் என் வயசுதான் இருக்கும். என்னத்துக்கு அப்பத்தாங்குறீங்க?" என்று பேசி அனுப்பினேன். "நீங்கதானம்மா பேரை அப்படிப் போட்டிருக்கீங்க" என்றார். முதல் நாளே என் வாயை அடைத்த ஆள். அதை நான் மறக்கவில்லை.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக வேலைக்கு வருகிறவரின் சர்டிபிகேட்டை முதலில் பார்க்க மாட்டாராம். அட்மிஷன் நேரத்தில் கூட்டம் நெரிக்கும்போது ஜன்னலோரம் உட்காரவைத்து, அந்த ஆளுக்கு எப்போது கோபம் வருகிறது என்று பார்ப்பாராம். ஹீரோக்களையும் அப்படித்தான் எடை போட்டார். கொம்பன் நமக்குக் கிடைத்த அன்று செல்வம் குதித்தான். "பவர் நம்பரைப் பாருங்க சார்! கண்ணை மூடிட்டு ஏத்திருவோம்" என்றான். சார் என்ன செய்தார் தெரியுமா? கொம்பனின் கவசம், கோடாரி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே கெட்டியான கல்கோட்டைக்குத் தனியாக அனுப்பினார். போனவன் செத்து விழுந்தான். "ஏன் சார், வந்த அன்னைக்கே ஆளைக் கொல்றீங்க?" என்று கேட்டேன். "ஜெயிக்கிறப்ப எல்லாப் பயலும் அழகாத்தான் இருப்பான். எப்படி விழுறான்னு பார்க்கணும்" என்றார்.

விழுந்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். கொம்பன் ஒரே முட்டில் வாசலை உடைக்கிறான். உடைத்த பிறகு அசையாமல் நிற்கிறான், மூச்சு வாங்குகிறான். அந்த நேரத்தில் மதில் மேலிருந்து அம்பு விடுகிறவர்கள் அவனைச் சல்லடையாக்கிவிடுகிறார்கள். "அடிக்கத் தெரியுது, நிக்கத் தெரியலை. அம்புட்டு பலமும் முதல் அடியில போயிருது. நிக்கிறப்ப பக்கத்துல இருந்து காயத்தைக் கட்ட ஒரு ஆள் வேணும்" என்றார். அந்த ஆள் என்னிடம் இருந்தாள். மருத்துவச்சி. கூன் விழுந்த முதுகு, தோளில் ஒரு மருந்து மூட்டை. ஒருவரும் சீந்தாத ஹீரோ. என் கல் முழுவதையும் அவள் மேல் போடச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஊரெல்லாம் கொம்பனை ஏத்தும், நான் மட்டும் மூட்டைக்காரியை ஏத்தணுமாக்கும்?" என்றேன். "பேரு கொம்பனுக்குப் போகும். ஆனா ஜெயிக்கிறது உங்களாலதான்." "அந்தப் பேரையும் சேர்த்துக் குடுத்தா என்ன?" "அது என் கையில இல்லையே" என்று சிரித்தார். மாதக்கணக்கில் எனக்கு வந்த ஒவ்வொரு கல்லையும் அவளுக்கே போட்டேன். என் கோட்டைச் சுவர் ஓட்டையும் உடைசலுமாகக் கிடந்தது. போகிற வருகிறவனெல்லாம் உள்ளே புகுந்து கொள்ளையடித்தான். போட்டேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்த வருடம் சாம்பல் புதனுக்கு மறுநாள், கொம்பனை ஏற்றத் தேவையான கல் நிறைந்தது. பெரிய சண்டை ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வாரத்தில். ஏற்றி முடியப் பல நாள் பிடிக்கும், ஆனாலும் நேரம் தாராளமாக இருந்தது. பொத்தானை அமுக்க வேண்டியதுதான். மனிதர் அமுக்க மாட்டேன் என்றுவிட்டார். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை தவக்காலம், அதில் மனதுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டுமாம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் வெற்றிலையை விடுவார்கள். இவர் அப்கிரேடை விட்டிருக்கிறார்! கிளானே கெஞ்சியது. நான் கெஞ்சவில்லை, ஏசினேன். "சாமி வந்து கொம்பனைப் பத்திக் கேட்டுச்சா உங்ககிட்ட?" என்றேன். "கேட்டா சொல்றதுக்குப் பதில் வேணும்ல" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "மாட்டேன் அப்பத்தா" என்று, கடையில் சில்லறை இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். எதிர்த்துக் கத்துகிறவனை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த மாதிரி ஆளை என்ன செய்ய?

தோற்றோம். ஏற்றாத கொம்பன் இரண்டாவது வாசலிலேயே விழுந்தான். அவனுக்குக் கட்டுப் போடப் போன என் மருத்துவச்சி நடுக்கோட்டையில் தனியாக நின்றாள். அவளுக்கு அடிக்கத் தெரியாது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றே செத்தாள். தோற்றவர்கள் கல்லில் பாதி ஜெயித்தவனுக்குப் போய்விடும் என்பது சட்டம், அதுவும் போயிற்று.

ஈஸ்டர் முடிந்த வாரம் சார் விளாங்குடியிலிருந்து பஸ் மாறி என் வீட்டுக்கே வந்துவிட்டார். முதல் தடவையாக முகத்தைப் பார்க்கிறேன். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் கேக்குப் பொட்டலம். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். "காப்பி கிடையாதா?" என்றார். "நான் நோன்பு" என்றேன். அப்படிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஏத்தலைன்னு கோபமா, தோத்ததுக்குக் கோபமா?" என்று கேட்டார். "அவ ஒத்தையில நின்னு செத்தாளே, அதுக்கு" என்றேன். சிரிப்பு போய்விட்டது. "அதை நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. செத்துப் போனவரை மன்னித்துவிட வேண்டும் என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம். கேக் நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

போன பாதிக் கல்லை மறுபடி சேர்த்து நிறைந்தபோது ஆடி பிறந்திருந்தது. செல்வம் வந்தான். "ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்க வேண்டாம் சார், மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றான். சார் சரி என்று ஆவணிவரை நிறுத்திவைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "உங்க தவக்காலத்துக்கு நின்னீங்க, ஒழியட்டும். எங்க ஆடிக்கு நீங்க ஏன் நிக்கிறீங்க? எனக்கே அதுல நம்பிக்கை இல்லை" என்றேன். "கல்லு எல்லாரும் போட்டது அப்பத்தா. ஒருத்தன் மனசு கூசுதுன்னு சொன்ன பிறகு நான் எப்படி அமுக்க?" என்றார். செல்வத்துக்கு மனசு கூசுமாம். அதற்காக ஒரு மாதம் காத்திருந்தார்.

ஆவணியில் அமுக்கினார். ஏற்றி முடியும்வரை அடைத்து வைக்கும் கொட்டடிக்குள் கொம்பன் போனான். அவன் வெளியே வருவதற்குள் சார் போய்விட்டார். பால் வாங்கி வந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

விளாங்குடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே நம் கிளான் ஆட்கள் வெள்ளைச் சட்டையில் வட்டமாக நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டு, போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "வாங்க அப்பத்தா. கொம்பன் இன்னைக்கு வெளிய வந்திருப்பான்" என்றான் ஒருவன். வந்திருந்தது சாவு வீட்டுக்கு. பேசியது இது.

கோயிலுக்குத் தூக்கும் முன்னால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். கைகளைச் சேர்த்து வைத்து விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தது. ரோஸ்மேரி அம்மாவைத் தலைமாட்டில் உட்காரவைத்திருந்தார்கள். செல்வம் குனிந்து அவரிடம், "அம்மா, சார் போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரு அவசர வேலை பாதியில நிக்குது" என்றான். பாவம், அந்த அம்மா என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார். அவன் ஜெபமாலையை ஒரு சுற்றுத் தளர்த்தினான். சாரின் கட்டைவிரலைப் பிடித்துப் போனில் வைத்தான். திறக்கவில்லை. ஐஸ் பெட்டியின் ஈரம். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த விரலைத் துடைத்தான். துடைத்து, மறுபடி வைத்தான்.

என் வயசுக்கு எத்தனையோ பிணம் பார்த்துவிட்டேன். நகையைக் கழற்றுவதில் நடந்த அடிதடியும் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. அவன் கையில் ஓங்கி அடித்தேன். போன் சவப்பெட்டிக்குள் விழுந்தது. "என்ன அப்பத்தா, எல்லாரும் போட்ட கல்லுதானே?" என்றான். சார் சொன்ன சொல்லையே என்னிடம் திருப்பிச் சொன்னான்! "கையை எடுறா நாயே" என்றேன். பாட்டு நின்றுவிட்டது. ரோஸ்மேரி அம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது. எழுந்து வந்தார். போனை எடுத்து இடுப்பில் செருகினார். ஜெபமாலையை மறுபடி சுற்றிவிட்டார். விரல் விரலாக, ரொம்ப நேரம் சுற்றினார். என்னைப் பார்த்து, "நீங்கதான் காப்பி குடுக்காத அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைவரை விடவில்லை.

ஆனால் அத்தனையும் வீண். விளையாட்டுக்குச் சாவு தெரியாது. தலைவர் சில நாள் வரவில்லை என்றால், அடுத்து யாருக்குப் பலம் அதிகமோ அவனைத் தானாகவே தலைவனாக்கிவிடுகிறது. செல்வம் தலைவனானான். தலைமையை மாற்றிக்கொள்ள எந்த விரலும் தேவைப்படவில்லை. கொம்பன் புதுக் கொம்போடு அவன் வாசலில் நிற்கிறான். அதற்குள் இரண்டு சண்டை. இரண்டிலும் வாசலை உடைத்தான், நின்றான், மூச்சு வாங்கினான், சல்லடையானான். இப்போது தெரிகிறதா அந்தக் கூனிக்கிழவி எதற்கு என்று? "அப்பத்தா, பழசை மறங்க" என்கிறீர்கள். "ஞாயிற்றுக்கிழமை தோத்தா பாதிக் கல்லு போயிரும்" என்கிறீர்கள். "இருந்திருந்தா சாரே அனுப்பத்தான் சொல்லியிருப்பார்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். சொல்லியிருப்பார்தான். அது எனக்கும் தெரியும். சார் அப்படிப்பட்ட ஆள். நான் சார் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஹீரோவை எடை போடும் வித்தை எனக்குப் பாதிதான் வந்தது. பொறுமை வரவே இல்லை. பிறத்தியார் மனசு கூசுகிறதா என்று பார்க்கும் குணம் இந்த ஜென்மத்தில் வராது. ஊரே நின்று கெஞ்சினாலும், தோற்போம் என்று தெரிந்தாலும், மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாரே, எந்தச் சொல்லுக்காக அவரைச் சாகும்வரை ஏசினேனோ, அது ஒன்றைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அவரைப் போலக் குரலை உயர்த்தாமல் சொல்ல எனக்கு வராது. கத்தித்தான் சொல்வேன்.

செல்வம், மாட்டேன். மருத்துவச்சி வரமாட்டாள்.