புன்னைத்துறைக் குழி

என் அக்கா ரோஸ்லினுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. அதனால் தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைத்துறையில் பிறந்த ஃபெலிக்ஸ் அத்தானைக் கட்டிக்கொண்டதும், அந்தக் கடற்கரைக் கிராமத்தையே தன் ஊராக்கிக்கொண்டாள். பேகம்பேட்டில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. லீவு கிடைத்தால் புன்னைத்துறை. அத்தானுக்கு இருந்தது ஒரே ஆசை. "நான் செத்தா எங்கம்மா பக்கத்துல போட்டுரு." அக்கா கையடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

அந்த அம்மாவுக்குக் குழி வெட்டும்போதுதான் கடப்பாரையில் பெரிய மண்பானை ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே எலும்பு, கறுப்பும் சிவப்புமாகச் சின்னக் கிண்ணங்கள். முதுமக்கள் தாழி. ஊரார் சிலுவை போட்டுக்கொண்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பக்கத்திலேயே வேறு குழி வெட்டினார்கள். விவரமானவர்கள்! என் அக்காதான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள். தொல்லியல் துறைக்கு விடாமல் எழுதினாள்.

"சர்ச்சுல எல்லாரும் புன்னைத்துறையா, அது எங்க இருக்குனு கேட்டாங்கல்ல? இனிமே கேக்கட்டும்."

வந்தார்கள், தோண்டினார்கள், வேலி போட்டுப் பலகை நட்டார்கள். அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாளே தவிர, அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

போன மாதம் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். குகட்பள்ளி வீட்டில் ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்திவிட்டு, அக்கா ஊர்த் தலைவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.

"அங்க முடியாதும்மா. கல்லறைத் தோட்டம் பூராவும் பாதுகாக்கப்பட்ட இடமாம். கடப்பாரை வச்சா கேஸு. எங்க சனத்தையே இப்பம் பக்கத்து ஊர்ல கெஞ்சித்தான் அடக்குதோம். நீங்க வாங்கித் தந்த போர்டுதானம்மா?"

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் என்ன பொய்? அக்கா போனைக் கட் செய்தாள். "நக்கோ மம்மி, இதரிச் கர்தேங்கே," என்றாள் மகள் பிளெசி. இங்கேயே செய்துவிடலாமாம். அவளுக்கு ஊர் என்றால் குகட்பள்ளிதான்.

செகந்திராபாத்தில் எங்கள் அப்பாவின் கல்லறையைத் திறந்து, எலும்புகளை ஓரமாக ஒதுக்கி, அத்தானை வைத்தோம். மாமனாரும் மருமகனும் உயிரோடு இருந்தவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை.

தாழியில் இருந்த எலும்புகளைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அந்தக் குழி அத்தானுடைய அம்மா பக்கத்தில் காலியாகத்தான் கிடக்கிறது. மழை படக்கூடாதென்று மேலே கூரை போட்டிருக்கிறார்கள்.