ஜன்னலை அடைத்த மிளகு மூட்டைகள்

நேற்று மாலை, இருண்ட அடுப்படியில் விறகெடுக்கப் போன என் மகளின் கையருகே விரியன் பாம்பு சீறியது. கடிக்கவில்லை.

இன்று அடுப்படி ஜன்னலை அடைத்து என் கணவர் அடுக்கியிருந்த மிளகு மூட்டையை இழுத்தேன். அதே கார நெடி. அப்பாவும் இப்படித்தான் ஜன்னலோரம் அடுக்குவார். "ஜன்னலத் தொறங்கப்பா" என்று கெஞ்சினால், "பனி வந்தா மிளகு பூஞ்சை புடிச்சிரும், கம்முனு இரு கண்ணு" என்பார். இருட்டில் தடவித் தடவிச் சமைத்த அம்மா, ஒருநாள் கொதிக்கும் கிழங்குப் பானைக்குள் கையை விட்டாள். தோல் உரிந்தது. அப்போதும் அப்பா மூட்டையை நகர்த்தவில்லை.

"பூஞ்சை புடிச்சிரும் புள்ள" என்று என் கணவரும் தடுத்தார்.

"புடிக்கட்டுங்க. அந்த மூலையில நீங்க கைய உட்டு வெறகு எடுங்க, பாக்கலாம்."

அவர் கை நீளவில்லை. கடைசி மூட்டையையும் வாசலில் இழுத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சத்தில் விறகடுக்கு அடிவரை தெரிந்தது.