டிராகன் வாயில் ஒரு பல் குறைவு

"உன் அக்காவக் கட்டிக்கிட்ட பாவத்துக்குத்தான் உன்ன இங்க உக்கார விட்டிருக்கேன். எனக்குப் பல்லப் பத்திப் பாடம் எடுக்கறதுக்கில்ல."

பல்லுக்காரர் இப்படிச் சீறியபோது அவர் கையில் யாரோ ஒரு கிழவரின் கீழ்வரிசைப் பல் செட் இருந்தது. அதை நீட்டிக்கொண்டே பேசியதால், கடித்தது இவரா அந்தப் பல்லா என்று எதிரே இருந்த மச்சினனுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்தான்.

"சரிங்க அத்தான். உக்காரல."

உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கினான். அது அவனே காசு கொடுத்து அங்கே வாங்கிப் போட்டது. தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டான்.

சொத்துச் சண்டை என்றால் ஊருக்குப் புரியும். கொடுக்கல் வாங்கல் என்றாலும் புரியும். இது போனில் வரும் படக்கதைக்காக வந்த சண்டை. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் கொஞ்சம் படம் வரும். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். அரண்மனை, மலை, நெருப்பைக் கக்கும் டிராகன் என்று வருஷக்கணக்காக ஓடுகிறது, முடிகிற பாடில்லை. இந்த இரண்டு ஆண்பிள்ளைகளின் வயதையும் கூட்டினால் நூறு தாண்டும். கூட்டாமல் இருப்பதே மரியாதை.

பல்லுக்காரர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு மாடி அறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்து கொடுப்பவர். மேஜையெல்லாம் மாவுத் தூள், மெழுகு, உடம்பில்லாத வாய்கள். முகங்களை மறந்துவிடுவார், பல்லை மறக்க மாட்டார். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். அந்த ஆள் சிரித்த பிறகுதான், "அட, நீங்களா" என்பார். செய்த பல்லைப் பெட்டியில் வைத்து டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் மனைவியின் வேலை. மடியில் நாலு பேர் வாயை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்த ஒரே தம்பிதான். ஃபிரிட்ஜ் மெக்கானிக். கெட்டுப்போன ஃபிரிட்ஜைப் பார்க்க வந்த அன்றைக்கு, வேலை முடிந்து கை கழுவுகிற நேரத்தில் அத்தானுக்கு இந்தக் கதையைக் காட்டிவிட்டுப் போனான். ஃபிரிட்ஜ் சரியாயிற்று, அத்தான் கெட்டுப்போனார். அதிலிருந்து வெள்ளிக்கிழமையானால் தம்பி வருவான். தலையோடு தலை முட்ட இருவரும் ஒரே போனைப் பார்ப்பார்கள். பிறகு, அடுத்து என்ன நடக்கும் என்று அடுப்பு அணையும்வரை வாதாடுவார்கள். அவளுக்கு அந்தக் கதையில் ஈயும் தெரியாது, எறும்பும் தெரியாது. தம்பி வயிறாரச் சாப்பிட்டுப் போகிறானே, அது போதும் அவளுக்கு.

ஒருநாள் கதையில் டிராகன் உப்பு ராணியை விழுங்கிவிட்டது. அன்றைக்குப் பல்லுக்காரர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனார். மனைவி பதறினாள்.

"ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"உப்பு ராணி போயிட்டா."

"ஐயோ, எந்தத் தெரு?"

அந்தத் துக்கம் ஆறி, ராணியை எல்லோரும் மறந்த சமயத்தில் டிராகன் ஒரு கொட்டாவி விட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. மேல்வரிசையில், இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல்லைக் காணோம். உப்பு ராணிக்கும் அதே பல் கிடையாது; சின்ன வயதில் அரண்மனைப் படியில் விழுந்து போனது. பல்லுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். ராணி சாகவில்லை, விழுங்கின டிராகனாகவே மாறியிருக்கிறாள் என்றார்.

தம்பி சிரித்தான். "டிராகன் வாய்லயும் பல்லு எண்ண ஆரம்பிச்சிட்டீங்களா? வரையற பொண்ணு ஒண்ண மறந்திருக்கும் அத்தான்."

பல்லை ஒருத்தி மறப்பாளாம். அந்த ஒரு சொல்தான் அவரைச் சுட்டது. அதற்குப் பிறகுதான் அக்காவைக் கட்டிய பாவம், நாற்காலி எல்லாம்.

பேச்சு நின்றது. ஆனால் நிற்கவும் இல்லை. கதைக்குக் கீழே ரசிகர்கள் கருத்து எழுதுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே பல்லுக்காரருக்குப் பெயர் 'கடைவாய்ப்பல்'. தம்பிக்குப் பெயர் 'கம்ப்ரசர்'. வீட்டில் "அவன் பேச்ச எடுக்காத" என்று எரிந்து விழுகிறவர், அங்கே "மதிப்பிற்குரிய கம்ப்ரசர் அவர்களே, தங்கள் வாதம் சொத்தையானது" என்று எழுதுவார். அவன், "அன்பு நண்பர் கடைவாய்ப்பல்லுக்கு டிராகன் பொய்ப்பல் ஆர்டர் கொடுத்தால் நம்புகிறேன்" என்று பதில் போடுவான். சம்பந்தி வீட்டில்கூட இத்தனை மரியாதை நடக்காது.

மனைவி இதைக் கண்டுபிடித்துக்கொண்டாள். தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள, துணி மடித்தபடியே கேட்பாள்.

"கம்ப்ரசர் இன்னிக்கு என்னங்கறான்?"

"எழுத்துப் பிழை ஜாஸ்தியா இருக்கு. சளி புடிச்சிருக்கும்."

இதை வைத்துக்கொண்டு அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்ரசர் எதுவும் எழுதவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. "பதில் சொல்ல வக்கில்ல, ஓடிட்டான்" என்றார் பல்லுக்காரர். சொன்னவர் விரல் போனைக் கீழே தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வரைகிற பெண் கதைக்கு அடியில் இரண்டு வரி எழுதினாள். டிராகனுக்கு ஒரு பல் வரைய மறந்துவிட்டேன், இப்போது போட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

வேறு ஆளாக இருந்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருப்பான். பல்லுக்காரரும் அப்படித்தான் உட்கார்ந்தார். ஆனால் ரசிகர்கள் விடுவார்களா? மறுக்கிறாள் என்றாலே உண்மை என்றுதான் அர்த்தம், ரகசியம் வெளியாகிவிட்ட பயத்தில் பல்லை ஒட்டியிருக்கிறாள் என்றார்கள். ஒருத்தன், புதுப் பல் மற்றதைவிட வெளுப்பாக இருக்கிறது, எனவே அது பொய்ப்பல், ராணி அதைக் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிறாள் என்று எழுதினான். அவனைப் பார்த்து நூறு பேர் ஆமாம் போட்டார்கள். பல்லுக்காரரை "தலைவா" என்றார்கள்.

தலைவருக்கு அது ருசிக்கவில்லை. மலையில் இருக்கிற டிராகனுக்கு எந்தக் கடையில் அளவெடுத்தார்கள் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு நாதி இல்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த வாரம் அவர் ஒரு அம்மாளுக்கு இடது பல்லை வலதில் வைத்து அனுப்ப, டாக்டர் திருப்பி அனுப்பினார். இத்தனை வருஷத்தில் நடக்காத காரியம்.

"மனசு கேக்கலன்னா போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

"நான் எதுக்குப் போகணும்? கருத்து இருந்தா அவர் எழுதட்டும்."

கோபத்தில் 'அவன்' என்றவருக்குக் கவலையில் 'அவர்' வந்துவிட்டதை அவள் கவனித்தாள். அன்றைக்குப் பல் பெட்டியைக் கொடுத்துவிட்டு நேரே தம்பி கடைக்குப் போனாள்.

கதவு கழற்றின ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில், வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரத்துக்கு முன்பு, கழற்றும்போது ஒரு கதவு பிய்த்துக்கொண்டு வந்து வாயில் அடித்திருக்கிறது.

"பல்லு போச்சுன்னா எங்கிட்டச் சொல்ல மாட்டியாடா? உன் அத்தான் என்ன அடுப்பா ரிப்பேர் பண்றாரு?"

"அவர்கிட்டயா? போக்கா."

"சரி, வாய்தானே போச்சு. விரலுக்கு என்ன கேடு? ரெண்டு வரி எழுதறதுக்கென்ன?"

தம்பி துண்டை எடுத்தான். மேல்வரிசை, இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்தது. "இந்த வாய வச்சுக்கிட்டு நான் எப்படிக்கா எதிர்வாதம் பண்றது? பாத்தாருன்னா என்னையும் உப்பு ராணிம்பாரு."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முந்தானையால் இரண்டையும் துடைத்தாள். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா. வரலன்னா அக்கா இல்லன்னு நெனச்சுக்க."

அவன் ஸ்குரூ டிரைவரை உருட்டினான். "வந்தா உக்கார எடம் இருக்குமாக்கா?"

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். எந்தப் பல் என்று சொன்ன இடத்தில் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது. பல்லுக்காரர் சிரிக்கவில்லை. பல் டப்பாவைத் திறந்து, வெளுப்பானதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, டீ குடித்துப் பழுத்த நிறத்தில் ஒன்றை எடுத்தார். அரத்தால் அதன் ஓரத்தில் இம்மி அளவு தேய்த்தார். ஒயர் தோலைப் பல்லால் கடித்து உரிப்பான் மச்சினன். அந்த இடம் அவனுக்குத் தேய்ந்திருக்கும். வருஷக்கணக்காக எதிரே சிரித்த வாய், அளவு எதற்கு?

"பல்லு ஆச்சு" என்றார். "அதப் புடிக்கற தகட்டுக்குத்தான் வாய் வேணும். வராரா?"

"வருவான். உக்கார எடம் இருக்கான்னு கேட்டான்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பர்னிச்சர் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி சல்லிசாகக் கிடந்தது. பல்லுக்காரர் மெத்தை வைத்த, கை வைத்த ஒன்றைக் காட்டினார். கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுகிறவர், கடைக்காரன் சொன்ன தொகையை வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். ஜன்னலோரம், தன் மேஜைக்கு நேர் எதிரே போட்டார். ஆடுகிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.

"எவ்வளவுங்க?" என்றாள் மனைவி.

மேல்வரிசை முழுசாக ஒரு செட் செய்தால் அவருக்கு வருகிற கூலியைச் சொன்னார்.