நண்டு வண்டி மாப்பிள்ளை

என் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அவருடைய விரல்களை எண்ணிக்கொண்டு வரும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் குடும்பத்தில் இல்லை என்றே நினைத்தேன்.

எங்கள் ஊருக்கு எஸ்.டி.டி. பூத் வந்த வருஷம் அது. சித்தூர்ப் பக்கத்துப் பையன்களெல்லாம் பெங்களூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளையும் நகரிப் பக்கத்திலிருந்து மண் வெட்டும் கூலியாகப் பெங்களூர் போய், அங்கே மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டவர். இப்போது பலமனேருக்கு அப்பால் ஒரு தைலமரத் தோப்பில், வெட்டிய மரங்களை லாரியில் ஏற்றும் மெஷினை ஓட்டுகிறாராம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த மெஷினாம். போட்டோவில் வெள்ளைச் சட்டையோடு நன்றாகத்தான் இருந்தார். ஆனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்கு அந்தக் கைகளின் மேல்தான் சந்தேகம். “மெஷின்காரன்னா மொதல்ல கைய பாக்கணும். ஒரு வெரலு கொறைஞ்சாலும் நம்ம பொண்ண குடுக்க வேணாம்” என்று சொல்லிவிட்டார். அப்பாவை நான் நைனா என்பேன்; அவருக்கும் அத்தைக்கும் மூத்தவர் பெரியப்பா. அவர் வேண்டாமென்றால் பேச்சு முடிந்தது.

நைனா, பெரியப்பா, தரகர் என்று மூன்று பேர் கிளம்பினார்கள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் நான்காவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டே காதோரம் குனிந்தாள். “நீயும் எண்ணிக்கினு வா. யாருக்கும் முன்னாடி எங்கிட்டதான் சொல்லணும், இன்னா?” என்றாள். வழக்கமாகக் கண்ணிலேயே காட்டாத அவளுடைய புது ரிப்பன் அன்று என் சடையில் ஏறியது.

மாப்பிள்ளை வீடு பார்ப்பதுதான் வழக்கம். இவருக்கு வீடு என்பது தோப்போரத்தில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. அதை ஒரு நொடியில் பார்த்து முடித்துவிட்டு, மெஷினைப் பார்க்கப் போனோம். அப்பேர்ப்பட்ட வண்டியை நான் பார்த்ததே இல்லை. சக்கரம் நைனாவின் தோளுக்கு இருந்தது. நீளக் கையின் நுனியில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரும்பு விரல்கள். அவை அகல விரிந்து, ஐந்தாறு மரங்களை ஒரே பிடியில் அள்ளி லாரியின் மேல் வைத்தன. லாரி டிரைவர் கீழே நின்று “மெல்லகா, மெல்லகா!” என்று தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். கூலிக்காரர்கள் அதை நண்டு வண்டி என்றார்கள்.

பெரியப்பா ஆயுசில் பாதியைப் பலமனேர் மாட்டுச் சந்தையில் கழித்தவர். மெஷினை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, கொடுக்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

“ஒரு நாளிக்கு எத்தினி லிட்டர் துன்னும்?”

“வேலைய பொறுத்து மாமா. எண்பது லிட்டராவது குடிக்கும்” என்றார் மாப்பிள்ளை.

“ஒடம்புக்கு வந்து படுத்துக்குமா?”

“எப்பனா படுத்துக்கும். ரெண்டு நாள்ல எழுந்துக்கும்.”

பெரியப்பாவுக்குத் திருப்தி. ஆனால் மாப்பிள்ளை இரண்டு கைகளிலும் கிரீஸ் படிந்த தோல் கையுறை போட்டிருந்தார். பெரியப்பா லேசுப்பட்டவரா? வெற்றிலையை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை வலது கையுறையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார். ஐந்து, எண்ணிவிட்டேன். இடது கையுறை அப்படியே இருந்தது. பெரியப்பாவின் பார்வையும் அதிலேயே இருந்தது. தரகர் சம்பந்தமே இல்லாமல் மாம்பழ விலையைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

இப்படியே விட்டால் பாதிக் கணக்கோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். “நான் வண்டில ஏறணும்” என்று அழிச்சாட்டியம் செய்தேன். மாப்பிள்ளை என்னைத் தூக்கித் தன் சீட்டில் உட்கார வைத்து, ஒரு கம்பியை என்னையே இழுக்கச் சொன்னார். வெளியே கொடுக்கு வாயைப் பிளந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் வந்த வேலையை மறக்கவில்லை.

“அந்தக் கைய காட்டுங்க. எண்ணணும்.”

“யாரு எண்ணச் சொன்னது?”

“அத்த.”

அவர் அப்படிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார். சுண்டு விரல் இல்லை. எண்ணியதில்தான் தப்போ என்று முதலிலிருந்து எண்ணினேன். மறுபடியும் ஒன்பதுதான் வந்தது. எனக்கு அழுகை முட்டியது. கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடை எடுப்பதாகப் பேச்சு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“பெரியப்பா வேணான்னுடுவாரு” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, என்னை இறக்கிவிட்டு, நேராகப் பெரியப்பாவிடம் போய் வெறுங்கையை நீட்டினார்.

“செயின் அறுந்து போன வெரலு மாமா. கல்யாணத்துக்கு அப்பால தெரியறதுக்கு இப்பவே தெரியட்டும்.”

தரகர் அப்படியே ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா அந்தக் கையை வாங்கிப் புரட்டினார்; மிச்ச விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கடைசியில் நைனா பக்கம் திரும்பினார்.

“நாப்பது வருஷமா மாடு வாங்கறேன்டா. கொறைய தானா காட்டி வித்தவன் ஒருத்தனும் கெடையாது” என்றார். பிறகு, “பொண்ணு ஒத்துக்கினா தையில வெச்சிக்கலாம்” என்றார்.

பொண்ணு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்பதுதான் இப்போது கவலை. பஸ்ஸில் வழி நெடுக, அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நைனா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பஸ் நின்றதும் நான் ஒரே ஓட்டமாக ஓடி, எல்லோருக்கும் முன்னால் அத்தையைப் பிடித்தேன்.

“அத்த, ஒம்போதுதான் கீது.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எடது கைதான? தோலு நல்லா மூடிக்கிச்சா? இன்னும் வலிக்குதாமா?”

“மூடிக்கிச்சு, அத்த. பெரியப்பா சரின்னுட்டாரு.”

என் இரண்டு கன்னத்திலும் முத்தம் விழுந்தது. அதற்குள் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். நைனா மென்று விழுங்கி விரல் சமாசாரத்தைச் சொல்லி முடிக்கும்வரை, அத்தை கதவோரம் தலை குனிந்து நின்றாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, “நீங்க பாத்து செஞ்சா சரிதான்ணா” என்றாள். பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தங்கையின் பெரிய மனசைக் கல்யாணப் பந்தலில் அவர் சொல்லாத ஆளில்லை. நானும் அப்படியே நம்பினேன். நேரில் பார்க்காத மனிதருக்காக இப்படி இரக்கப்படுகிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முந்தின வருஷம் பங்காருபாளையம் பக்கத்துத் தோப்பில் மரப்பட்டை உரிக்க அத்தை இருபது நாள் கூலிக்குப் போயிருந்தாள். அங்கே மரம் தூக்கியதும் இதே நண்டு வண்டிதான், ஓட்டியவரும் இவர்தான். செயின் அறுந்த அன்று அவர் கையைச் சுற்றிக் கட்டியது அத்தையின் தாவணிக் கிழிசல். தரகரைத் தேடிப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அனுப்பியதும் அவளுடன் பட்டை உரித்த ஒருத்திதான். இதையெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகுதான் அத்தை வாய் திறந்து சொன்னாள். எந்தக் கை என்று நான் சொல்லவே இல்லையே என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.