கரையாத குங்குமம்

எங்கள் குப்பத்தில் மீன்கூடை சுமக்கிற பெண்களுக்கு நெற்றியில் குங்குமம் நிற்கவே நிற்காது. ராயபுரத்துக் கரையில் கூடையைத் தலைக்கு ஏற்றினால், மார்க்கெட் போய்ச் சேருவதற்குள் மீன்தண்ணீரும் வேர்வையுமாக வழிந்து மூக்கு நுனிவரை சிவப்பாகிவிடும். மற்றவர்களுக்கு அது துடைத்துவிட்டுப் போகிற சமாச்சாரம். புருஷனைக் கட்டுமரத்தில் அனுப்பிவிட்டு வந்தவளுக்கு அப்படி இல்லை. அவன் கடலில் இருக்கும்போது இவள் பொட்டு கரைந்தால் அங்கே அவனுக்கு ஆகாது. வழிந்தால் அதன் மேலேயே மறுபடி அப்பிக்கொள்ள வேண்டும். தன் கையால் அழிப்பது தாலியறுத்தவள் செய்கிற காரியம். இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால் முதுகில் ஒன்று விழும். நான் கேட்டிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன்.

அம்மா பாதி வழியில் கூடையை இறக்கி, முந்தானை முடிச்சிலிருந்து குங்குமம் எடுத்து அப்பிக்கொண்டு, யாராவது கை கொடுத்தால் மறுபடி தூக்கிக்கொண்டு ஓடுவாள். இந்த அவஸ்தையைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு நாள் சிகரெட் டப்பாவோடு வந்தார்.

மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் துருவைச் சுரண்டி, இரும்பின் மேல் முதல் பூச்சாகச் சிவப்பு அடிக்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தச் சிவப்புத் தூள்தான் டப்பாவில் இருந்தது. தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தன் புறங்கையில் தடவி, அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டுபோய் அலையில் கையை முக்கிக் காட்டினார். அப்படியே இருந்தது.

“பாத்தியாக்கா? கப்பலே வருசக்கணக்கா தண்ணில கீது, அதுக்கே போவல. உன் நெத்திலயா போய்டப்போவுது?”

இப்படி ஒரு நியாயத்தை யார் மறுக்க முடியும்? அம்மா அதைக் கடைக் குங்குமத்தில் பாதிக்குப் பாதி கலந்து, டப்பாவை அம்மன் படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். அன்றிலிருந்து அது அம்மன் பிரசாதம். தெருப் பெண்கள் அதற்குக் கப்பல் குங்குமம் என்று பேர் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் கேட்டார்கள். கஞ்சத்தனம் அம்மாவுக்குத் தெரியாது. எல்லோருக்கும் கொடுத்தாள்.

என் தம்பி அப்போது தவழ்கிற பிள்ளை. கீழே இரண்டு பல் வந்திருந்தது. பால் குடிக்கும்போது அவன் கை சும்மா இருக்காது. மேலே போய் அம்மாவின் பொட்டைத் தடவும். தடவிய விரல் வாய்க்குப் போகும். அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை. “இப்பவே என் பொட்டுக்குப் பங்கு கேக்கறான் பாரு” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மழைக்காலம் முடியும்போது பிள்ளை வெளுத்துப்போனான். குடித்த பாலைக் கக்கினான். வயிறு கல்லாக இறுகிக்கொள்ளும், காலை மடக்கிக்கொண்டு அலறுவான். தவழ்வதை விட்டுவிட்டான். கண்ணேறு என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். அம்மா ஒவ்வொரு தடவை அவன் அலறும்போதும் டப்பாவைத் திறந்து, அம்மனை வேண்டிக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து அவன் நாக்கில் வைத்தாள். விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்பார்கள். அவள் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு விழுந்தாள்.

ஒரு நாள் காலை அவனுக்கு வலிப்பு கண்டது. நைனா, எங்கள் அப்பா, விடிவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தர்மாஸ்பத்திரிக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

டாக்டர் தம்பியின் உதட்டை இழுத்துப் பார்த்தார். பல்லுக்குக் கீழே ஈறில் மெல்லிய நீலக் கோடு. அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னார். அவளுக்கும் அதே கோடு.

“வீட்டுல யாராவது பெயிண்ட் வேலை செய்யறாங்களா?”

“எந்தம்பி சார். கப்பலுக்கே அடிக்கிறான்” என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டரின் கண் அவள் நெற்றிக்குப் போனது. என்ன பொட்டு, எங்கே வாங்கியது என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

“உடனே அதை அழிச்சிடும்மா. அது ஈயம், விஷம். பிள்ளை வயித்துக்குள்ள போயிருக்கு.”

அம்மாவின் முகம் செத்துப்போனது. ஆனாலும் கை நெற்றிக்குப் போகவில்லை.

“எம் புருசன் கடல்ல கீறாரு சார். அவரு கரை ஏறட்டும். மத்தியானம் வந்துடுவாரு, வந்ததும் அழிச்சிடறேன். சாமி சத்தியம் சார்.”

டாக்டர் கத்தினார். நர்ஸ் ஈரப் பஞ்சோடு வந்தாள். அம்மா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். மடியில் தம்பி பழக்கதோஷத்தில் கையை மேலே தூக்கினான். அம்மா அவனுடைய இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள். அவன் அழுதான், முறுக்கினான். அவள் விடவில்லை. வெயில் ஏறி உச்சிக்கு வந்து சாய்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செய்தி கேட்டு நைனா ஈரத் துணியோடு ஓடிவந்தார். அவர் வாசலில் தெரிந்ததும் அம்மா முந்தானையால் நெற்றியைத் தேய்த்தாள். தோல் உரியும்வரை தேய்த்தாள். பிறகுதான் பிள்ளையின் கைகளை விட்டாள். அவை மேலே போகவில்லை. அந்த வாரத்துக்குள் அவன் போய்விட்டான்.

அந்த அரை நாளில் எதுவும் மாறியிருக்காது, விஷம் முன்பே ஊறிவிட்டிருக்கும் என்று ரொம்ப காலம் கழித்து ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அதைக் கேட்க அம்மா அப்போது உயிரோடு இல்லை.

மாமா எங்கள் நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நைனாதான் பிடித்து நிறுத்தினார். அப்புறம் மாமா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. கப்பல் வேலையை மட்டும் விடவில்லை. வேறு வேலை அவருக்கு யார் கொடுப்பது?

அம்மா வீடு வீடாகப் போய்க் கப்பல் குங்குமத்தைக் கொட்டச் சொன்னாள். சிலர் கொட்டினார்கள். ஒருத்தி, “உம் புள்ள போச்சுன்னா எங்க பொட்டையும் அழிக்க வந்துட்டியா?” என்று கதவைச் சாத்தினாள். அம்மா அவள் வாசலிலேயே உட்கார்ந்து, அவள் டப்பாவைக் கொண்டுவந்து வீசி எறிகிறவரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருடம் தங்கை பிறந்தாள். அம்மா பொட்டே வைக்கவில்லை. கடைக் குங்குமமும் இல்லை, சாந்தும் இல்லை. தங்கைக்குக் கண்மையும் கிடையாது. புருஷன் உயிரோடு இருக்க வெறும் நெற்றியோடு திரிகிறாளே என்று குப்பமே பேசியது. கோயிலில் குங்குமம் கொடுக்கிறவள் அம்மாவைத் தாண்டிப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. “நைனாவுக்கு எதுனா ஆய்டும்மா. கொஞ்சமாச்சும் வெச்சுக்கோம்மா” என்று அழுதேன்.

“எதுல இன்னா கலந்துகீதுன்னு யாருடி கண்டது? அத்த நெத்தில வெச்சுக்கினு இவளுக்கு எப்படிப் பால் குடுப்பேன்?” என்றாள். நைனா வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அம்மாவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. முன்பெல்லாம் கட்டுமரங்கள் கரை சேர்ந்த பிறகுதான் கூடையோடு வருவாள். இப்போது யாரும் வராத நேரத்திலேயே, தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீரோரம் போய் நின்றுவிடுவாள். கண் கடலைவிட்டு நகராது. தூரத்தில் நைனாவின் கட்டுமரப் பாய் அடையாளம் தெரிந்த பிறகுதான் மணலில் உட்காருவாள். அவர் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் இப்படித்தான்.

முதல் ஆளாகப் போய் நின்றால் நல்ல மீனாகப் பார்த்து எடுக்கலாம், அம்மா கெட்டிக்காரி என்று எண்ணிக்கொண்டு, நான் பக்கத்தில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.